ஜூலிக்குப் போடாத ஊசி

ஜூலிக்கு ஊசி போடவில்லை என்பது சேரப்பணஞ்சேரியில் கிரேசி ஒருத்திக்குத்தான் தெரியும். போன வாரம் இந்தப் பக்கத்தைப் படித்தவர்களுக்கும் தெரியும். படிக்காதவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நடந்ததை இரண்டு மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

கிரேசியின் புருஷன் இருதயசாமி, ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிச் செல்கிற பஸ்ஸை ஓட்டுகிறார். ஒரே பிள்ளை ஜெபர்சன் இன்னொரு கம்பெனியில் காலை ஷிப்ட். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வெளியூர்ப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கடைசி அறைக்குப் போன தை மாதம் குடிவந்தவள் சுகப்பிரியா. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருதயசாமியின் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வருகிறாள்.

ஜூலி என்பது நாய். உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் பழுப்பு. மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தவன் ஜெபர்சன், வளர்த்தவள் கிரேசி. தன் கையால் வைத்தால்தான் சாப்பிடும், தன் முந்தானையில்தான் படுக்கும் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சுகப்பிரியா வந்தாள். உண்ணி எடுத்துவிட்டாள். கேன்டீனில் தருகிற பிஸ்கட்டைத் தின்னாமல் கொண்டுவந்து போட்டாள். ஜூலி படுக்கையைக் கடைசி அறை வாசலுக்கு மாற்றிக்கொண்டது. ஜூலியைத் தேடுகிற சாக்கில் ஜெபர்சனும் அடிக்கடி பின்பக்கம் போக ஆரம்பித்தான். போனவன் திரும்பி வர நேரமானது. கிரேசிக்கு வயிறு எரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் முகாம். வீட்டு நாய், பூனை எல்லாவற்றுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம் என்று ஊராட்சியிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள். ஊசி போட்ட நாய்க்கு நெற்றியில் நீலப் பெயின்ட் வைத்தார்கள். பெயின்ட் இல்லாத நாயை, நாய் பிடிக்கிற வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று பேச்சு. "சுகாவையும் கூட்டிக்கினு போம்மா, அவ இருந்தா ஜூலி அடங்கும்" என்றான் ஜெபர்சன். அந்த ஒரு வார்த்தைக்காகவே கிரேசி தனியாகப் போனாள். வரிசையில் ஜூலி நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. பூனையைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு பின்னால் நின்ற ஒருத்தி, "உன் நாயி உன் பேச்ச கேக்காதுக்கா. அந்த வாடகைப் பொண்ண இட்டாந்திருக்கலாம்ல?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கூட்டம் கொறஞ்சப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கிரேசி ஜூலியை இழுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தாள். வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைப் பஞ்சில் தோய்த்து அதன் நெற்றியில் அப்பினாள். கேட்டவர்களுக்கெல்லாம் "போட்டாச்சு" என்றாள்.

அதோடு விட்டாளா? இல்லை. "ஊசி போட்ட ஒடம்பு. பத்தியம். கறி, முட்டை, பிஸ்கட் ஒண்ணும் ஆவாது. என் கையால வைக்கிற மோர்சோறுதான்" என்று சுகப்பிரியாவுக்குச் சட்டம் போட்டாள். நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்ட மனிதர்களுக்குச் சொல்கிற பத்தியத்தை, போடாத ஊசிக்காக ஒரு நாய்க்குச் சொன்ன முதல் பெண்பிள்ளை இவளாகத்தான் இருப்பாள்.

இனி இந்த வாரத்துக் கதைக்கு வருவோம்.

வியாழக்கிழமை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஜெபர்சன் விடியலில் ஷிப்டுக்குப் போயிருந்தான். இருதயசாமி மதிய ஷிப்டுக்குப் பஸ் எடுப்பதற்காகக் கிளம்பிப் போய்விட்டார். அடுப்படியில் கிரேசி சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் ஜூலி, தட்டில் மோர்சோறு. ஜூலி தட்டை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, மீன் சட்டியைப் பார்த்தது.

"இன்னா பார்வை? தின்னு."

ஜூலி தின்னவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதற்கு அரை வயிறுதான்.

"அவ குடுத்தா எறங்குது, நான் குடுத்தா எறங்கல. அப்படித்தானே?" என்றாள் கிரேசி. நாயிடம் ரோஷம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பேசினாள். "நன்றியுள்ள பிராணின்னு உன்னப் போயி எவன் சொன்னான்?"

மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது வாசற்படி காலியாக இருந்தது.

எங்கே போயிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பை அணைத்தாள். கொடியில் காயும் துணியை எடுக்கப் போகிறவள்போல ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். காய்கிற போர்வைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

கம்பெனிச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகக் கிளம்பத் தயாராயிருந்த சுகப்பிரியா, அறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். டிபன் டப்பாவிலிருந்து அவித்த முட்டையை எடுத்துப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, சத்தம் போடாத. ஆன்ட்டிக்குக் கேட்டா ரெண்டு பேத்தையும் தொலைச்சிருவாவ. இந்தா, மெதுவா..."

மெதுவாகத் தின்னும் நிலையில் ஜூலி இல்லை. பாய்ந்தது. முட்டையோடு கையும் சேர்ந்து அதன் வாய்க்குள் போனது.

"யம்மா!"

ஒரு நொடி கிரேசிக்கு உள்ளுக்குள் தித்தித்தது. கடித்துவிட்டதா? அவளையா? அப்படிப் போடு. என்ன இருந்தாலும் நீ என் நாய்தானே! அந்தத் தித்திப்பு அவள் தொண்டைக்குக் கீழே இறங்குவதற்குள் சுகப்பிரியாவின் உள்ளங்கையிலிருந்து சிமென்ட் தரையில் ரத்தம் சொட்டியது.

கிரேசி பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். "இன்னாடி ஆச்சு? காட்டு. காட்டுடி!"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. முட்டையப் பிடுங்கும்போது பல்லு பட்டுட்டு." சுகப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் சிரித்தாள். "தப்பு எம்மேலதான். நீங்க குடுக்கக் கூடாதுன்னு சொன்னிய. நான்தான் கேக்கல."

கிரேசி அவளை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயைத் திறந்துவிட்டாள். "சோப்பு போட்டுக் கழுவு. நல்லாக் கழுவு." கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் நன்றாகப் பதிந்திருந்தது. தண்ணீர் பட்டதும் காயத்தின் வாய் தெரிந்தது.

அதற்குள் அறைத் தோழி செல்வலட்சுமி மஞ்சள் தூளும் கிழிந்த துப்பட்டாத் துணியுமாக ஓடிவந்தாள். கழுவி முடிப்பதற்குள் மஞ்சளை அப்பிக் கட்டிவிட்டாள்.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? ஊசி போட்ட நாய்தான. நெத்தியில நீலம் இருக்கு பாரு." சுகப்பிரியா ஜூலியைக் காட்டினாள். ஜூலி முட்டையைத் தின்றுவிட்டு வாலைக் காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு நின்றது. "இந்த மாசம் நான் ஒரு லீவு எடுக்கல. லைன்ல வேற ஆள் இல்ல. இன்னைக்கு வரலைன்னு சொன்னா சூப்பர்வைசர் என்னையத் தொலைச்சிருவாரு." பிறகு கிரேசியைப் பார்த்தாள். "ஊசி போட்டாச்சுல்லா ஆன்ட்டி? பயமில்லைல்லா?"

சொல்லிவிடத்தான் கிரேசி வாயைத் திறந்தாள். மாதா சாட்சியாக, சொல்லத்தான் திறந்தாள்.

"ஜெபாகிட்ட மட்டும் சொல்லிராதிய ஆன்ட்டி. பதறிப்போயிருவான்."

ஜெபா.

அப்பா அவனை "டேய் ஜெபர்சன்" என்பார். சிநேகிதர்களுக்கு அவன் ஜெஃப். ஜெபா என்பது பால் குடிக்கிற பிள்ளையாக இருந்தபோது கிரேசி வைத்த பெயர். அந்த வீட்டில் அவள் வாயைத் தவிர வேறு எந்த வாயிலிருந்தும் அந்தப் பெயர் வந்ததில்லை. இவள் எப்போது எடுத்துக்கொண்டாள்? நாய் ஆயிற்று, பிள்ளை ஆயிற்று, இப்போது பெயருமா? நெஞ்சில் யாரோ மிளகாய்த்தூளை அள்ளிப்போட்டதுபோல் காந்தியது.

திறந்த வாய், "போட்டாச்சு" என்றது.

ரோட்டில் இருதயசாமியின் பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு பெண்களும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

கிரேசி ஜூலியைப் பிடித்து எலுமிச்சை மரத்தில் கட்டினாள். ஜூலி, பெண்கள் போன கேட்டைப் பார்த்து மெல்ல முனகியது.

"அழு. நல்லா அழு. கடிச்சதும் நீ, அழறதும் நீ."

மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் ஆகாது. ஜூலி வீட்டை விட்டு வெளியே போகாத நாய். அதற்கு ஏது வெறி? அப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே, போன மாதம் தெருநாய்க் கூட்டத்தோடு சண்டை போட்டுக் காது கிழிந்து வந்தது நினைவில் வந்து நின்றது. அந்தக் காயத்துக்கு மருந்து போட்டவளும் சுகப்பிரியாதான்.

கிரேசி பிறந்த ஊரில், அவர்கள் தெருவிலேயே, ஒரு ஆள் நாய்க்கடியில் செத்திருக்கிறான். கடித்தபோது அவனும் சிரித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனான். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்டால் அலறினான். சொந்தப் பெண்டாட்டியே கதவுக்கு வெளியே நின்று அழுதாள். அப்போது கிரேசி பாவாடை கட்டுகிற வயசு. அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

இவள் செத்துப்போனால்?

இந்த இடத்தில் கிரேசியின் நல்ல மனசு விழித்துக்கொண்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அது பொய்யாகிவிடும். அவளுக்குத் தோன்றியது வேறு. சுகப்பிரியா செத்துப்போனால் ஜெபா அவளை ஆயுசுக்கும் மறக்கமாட்டான். பர்சில் போட்டோ வைத்துக்கொள்வான். கல்யாணமாகி, பிள்ளை குட்டி பெற்ற பிறகும் ஏதாவது ஒரு சாயங்காலம் அவளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உயிரோடு இருக்கிற பெண்ணிடம் நாலு குறை கண்டுபிடிக்கலாம். ஊர் வேறு, சாமி வேறு, குழம்பில் புளி அதிகம். செத்தவளிடம் என்ன குறை கண்டுபிடிப்பது? அவளோடு எந்த அம்மாவாலும் போட்டி போட முடியாது.

அந்த எண்ணம் வந்ததும் கிரேசி எழுந்தாள். எது ஓட வைத்தால் என்ன, ஓடினாள்.

இருதயசாமி ஸ்டியரிங்கில் இருக்கும்போது போன் எடுக்கமாட்டார். அவள் மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, ரோட்டில் வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். பஸ் பக்கத்து ஊர்களையெல்லாம் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டுதான் ஒரகடம் கூட்ரோட்டுக்கு வரும். அதற்குள் போய்விடலாம். முன்னால் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு ஒரு நீள லாரி வழியை அடைத்துக்கொண்டு போனது. "ஒதுங்கிப் போயேம்பா!" என்று ஆட்டோக்காரரை அவள் அதட்டிய அதட்டலில், உள்ளே இருந்தவர்கள் பிரசவ கேஸோ என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூட்ரோட்டில் அவள் இறங்கவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. கிரேசி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது.

"பைத்தியமாடி உனக்கு? லாரி வர்ற ரோட்டுல வந்து நிக்கிற!" இருதயசாமி ஜன்னல் வழியாகக் கத்தினார்.

அவள் பதில் சொல்லாமல் படியில் ஏறினாள். பஸ் நிறையப் பெண்கள். மூன்றாவது சீட்டில் சுகப்பிரியா, மஞ்சள் ஊறிய துணிக் கட்டோடு.

"எறங்கு."

"ஆன்ட்டி? என்ன ஆச்சு?"

"எறங்குடி. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"வேண்டாம் ஆன்ட்டி. அதான் ஊசி போட்ட நாய்..."

"போடல."



"இன்னாது?" என்றார் இருதயசாமி, சீட்டிலிருந்து திரும்பி.

"ஜூலிக்கு ஊசி போடல. வரிசையில நின்னுட்டு அப்படியே இட்டாந்துட்டேன். நெத்தியில கீறது சொட்டு நீலம். துணிக்குப் போடுற நீலம்."

பின் சீட்டில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகப்பிரியா தன் கையைப் பார்த்தாள். பிறகு கிரேசியைப் பார்த்தாள். "அப்ப நான் கேட்டேன்லா. குழாயடியில வச்சுக் கேட்டேன்லா ஆன்ட்டி."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியாரிடம் திரைக்குப் பின்னால் முழங்காலில் நின்று மெல்லச் சொல்கிற விஷயம் இது. கிரேசி இதை ஓடுகிற பஸ்ஸை நிறுத்திச் சொன்னாள்.

"பொறாமைடி. வேற இன்னான்னு சொல்லச் சொல்ற? நாயி உன் பின்னால போச்சு. என் புள்ளயும் போறான். வயிறு பத்திக்கினு எரிஞ்சுது. போதுமா? இப்ப எறங்கு."

இருதயசாமி தன் மனைவியை, எந்த ஸ்டாப்பில் ஏறினாள் என்று தெரியாத ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். "எறங்குங்க ரெண்டு பேரும். ஆட்டோ புடிச்சு நேரா படப்பை கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க. இவங்கள உட்டுட்டு நான் பையனுக்குப் போன் பண்றேன்."

"அவனுக்கு வேணாங்க. நானே சொல்லிக்கிறேன்."

"நீ பேசாத."

ஆட்டோவில் சுகப்பிரியா வெளியே ஓடுகிற காம்பவுண்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டினால் தேவலை என்று கிரேசிக்கு இருந்தது. அந்தக் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கட்டைப் பிரித்ததும் கத்தினார். "மஞ்சள வச்சது யாரு? போய்க் குழாயடியில சோப்பு போட்டு நான் போதும்னு சொல்ற வரைக்கும் கழுவிக்கிட்டே இரு." கழுவி வந்ததும் கேட்டார். "ஊசி போட்ட நாயா?"

"இல்ல" என்று கிரேசியே முந்திக்கொண்டு சொன்னாள்.

"போட்ட நாய் கடிச்சாலும் வந்து காட்டணும். ரத்தம் வர்ற கடி, காயத்தைச் சுத்தியும் ஊசி போடணும். வலிக்கும். கையில போடுறதுக்கு இன்னும் மூணு தடவை வரணும், ஒரு தடவை கூட தப்பக் கூடாது. நாயக் கட்டிவச்சு பத்து நாள் பாருங்க. அதுக்கு ஏதாவது மாறுதல் தெரிஞ்சா அன்னிக்கே ஓடி வரணும்."

"பத்தியம் ஏதாச்சும்?" என்று கேட்டாள் சுகப்பிரியா.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நல்லாச் சாப்பிடு."

கிரேசி வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உள்ளே திரை இழுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் "ஸ்ஸ்... யம்மா" என்று ஒரு குரல் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது. கிரேசி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. ஜெபர்சன் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்தான். ஷிப்ட் முடிந்த சட்டையில் கிரீஸ் கறை. மாத்திரை வாங்குகிற ஜன்னலைப் பார்க்கவில்லை, ஊசி போடுகிற அறையைப் பார்க்கவில்லை. நேரே அம்மாவிடம் வந்து தரையில் மண்டியிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்தான்.

"எங்கம்மா? எந்தக் கை? காட்டு." வளையலை மேலே தள்ளிவிட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "ஜூலி கடிச்சிடுச்சு, அம்மா படப்பை ஆஸ்பத்திரியில கீறா, போன்னு மட்டும் சொல்லிட்டு அப்பா வச்சிட்டாரு. உயிரே போயிடுச்சு. கால்லியா கடிச்சுது?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. இவ்வளவு பயமும் தனக்காக. இப்படி அவன் தன் முகத்துக்கு நேரே பார்த்து எத்தனை காலமாகிவிட்டது! கிரேசிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இதற்காகத்தான், இந்த ஒரு பார்வைக்காகத்தான் இத்தனையும் செய்தாள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், இன்னும் ஒரே ஒரு நிமிஷம் இருக்கட்டும் என்று பேசாமல் இருந்தாள். அவனைப் பெற்றவளுக்கு அந்த ஒரு நிமிஷத்தைக்கூட நாம் கொடுக்காமல் இருக்க முடியுமா?

"பயப்படாதம்மா" என்றான் ஜெபர்சன். "ஊசி போட்ட நாய்தானே."

உள்ளே மறுபடியும் ஒரு முனகல்.

"என்னை இல்லடா ஜெபா."

"அப்புறம்?"

"சுகப்பிரியாவ." அந்தப் பெண், அந்த வாடகைக்காரி என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறாள். பெயரைச் சொன்னது இன்றுதான். "ஜூலிக்கு நான் ஊசி போடல. போட்டேன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். அவ கேட்டப்பயும் பொய் சொன்னேன்."

ஜெபர்சன் அவள் கையை உதறவில்லை. இரவல் வாங்கிய சாமானைத் திருப்பி வைப்பதுபோல, இரண்டு கையையும் மெல்ல அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"ஏம்மா?"

ஒரு பஸ் நிறையப் பெண்களுக்கு முன்னால் சொல்ல முடிந்ததைப் பிள்ளையிடம் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

திரை விலகியது. சுகப்பிரியா கண் சிவந்து வெளியே வந்தாள். "சுகா" என்று அவன் இரண்டடி முன்னால் போனான். அவள் நிற்கவில்லை. வந்து, கிரேசி உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, அந்த பத்து நாளும் ஜூலிக்கு வயித்துக்குப் போடுங்க. அது வெறியில கடிக்கல, பசியில கடிச்சிருக்கு."

கிரேசி தலையாட்டினாள்.

"ஊசி முடியுற மட்டும் இங்க இருக்கேன். அதுக்கப்புறம் ரூமக் காலி பண்ணிட்டு வேற எடம் பாத்துக்கிடுதேன்." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "உங்க நாயி உங்ககிட்டயே இருக்கட்டும். உங்க பிள்ளைகிட்ட ஜூலியத் தவிர வேற பேச்சு நான் பேசினதில்ல ஆன்ட்டி. நீங்க நம்புனா நம்புங்க."

கிரேசி நம்பவில்லை. அவள் ஒரே மத்தியானத்தில் திருந்திவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பெண் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டவள் அவள். கேட்டது கிடைத்திருக்கிறது. "வேணாம், இரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு புரளவில்லை. போகட்டுமே என்று ஒரு பாதி மனசு அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மறு பாதிக்கு மட்டும் ஏனோ சந்தோஷம் வரவில்லை.

ஜெபர்சன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"அம்மா, காலி ஆவப்போறது ஒரு ரூம் இல்ல, ரெண்டு" என்றான். சத்தம் போடவில்லை. "பின்னால அவளுது. முன்னால என்னுது. அவ எங்க போறாளோ அங்கதான் நானும்."

கிரேசி வெடுக்கென்று சுகப்பிரியாவின் பக்கம் திரும்பினாள். இதுதானே, இதைத்தானே நான் அப்போதிருந்து சொன்னேன் என்று அவள் முகத்துக்கு நேரே கேட்கத்தான் திரும்பினாள்.

சுகப்பிரியா ஊசி போட்ட கையை மறந்து, வாய் லேசாகத் திறந்தபடி ஜெபர்சனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் காதிலிருந்து காது வரை சிவந்திருந்தது. அவளும் இதை இப்போதுதான், முதல் தடவையாகக் கேட்கிறாள்.